மாவிஸ் டிம்மின்ஸும் கழுவக் கூடாத காரும்

மாவிஸ் டிம்மின்ஸ் தன் வாழ்நாளில் விரட்டிய ஈக்களுக்குக் கணக்கில்லை. வரைந்த ஈக்களுக்கு உண்டு. தர ஆய்வாளர் நார்மன் ப்ளெவின்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். ஓர் ஈ குறைந்தாலும் கார் திரும்பி வந்துவிடும். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

பர்மிங்காமுக்குத் தெற்கே, பேருந்துக்கு மனம் வந்தால் வந்து சேர்கிற ஊர் எங்களுடையது. ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஒரு மீன் வறுவல் கடை, அப்புறம் தோர்ன்பி மோட்டார்ஸ். ஊரில் பாதிப் பேர் தோர்ன்பியில் வேலை பார்க்கிறோம். மீதிப் பேர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தோர்ன்பி கார் மட்டும் எங்களில் யாரிடமும் கிடையாது. அது தரையோடு தரையாக இருப்பதால் ஏறி இறங்க முதுகு ஒத்துழைக்காது என்பது நாங்கள் வெளியில் சொல்லும் காரணம்.

மாவிஸ் பெயிண்ட் பிரிவில் இருந்தார். பெயிண்ட் அறை என்பது ஏறக்குறைய ஒரு மடம். வெள்ளை அங்கி மாட்டி, தலைக்கு உறை போட்டு, காற்று பீய்ச்சும் கூண்டில் நின்று ஊரின் அழுக்கையெல்லாம் உதறிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கைக்குக் கிரீம் தடவியவர்களுக்கு இடமில்லை. கம்பளிச் சட்டையோடு வந்த ஓர் ஆளை மாவிஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவர் பொது மேலாளர் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் அனுப்பியது அனுப்பியதுதான். கதவோ கூரையோ உலர்ந்து வந்ததும் மாவிஸ் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பார். "குப்பை" என்று ஒரே ஒரு சொல் வரும். ஒரு தூசி, ஒரு முடி, ஓர் ஈயின் கால் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். முழுத் தகடும் மறுபடி உப்புத்தாளுக்குப் போகும். அவர் வீட்டில் அலமாரி மேலெல்லாம் விரலால் பெயர் எழுதலாம். "வீட்லயும் வந்து அதே வேலையா, கண்ணு?" என்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பால்காரர், பாதிரியார், வாகன நிறுத்தத் தண்டம் போட வந்தவர் எல்லோரும் கண்ணுதான்.

இப்படித் தூசியோடு ஓர் ஆயுள் பகை வைத்திருந்த பெண்மணி, தினமும் காலையில் உலகத்திலேயே அழுக்கான காருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

அந்தக் கார் தோர்ன்பியின் முன்கூடத்தில், கயிறு கட்டிய மேடையில் நிற்கிறது. பச்சை நிறம், எண் அறுபத்தொன்று. 1973 ஜூனில் பிரான்ஸில் இருபத்திநான்கு மணி நேரம் விடாமல் ஓடும் பந்தயத்தில் ஓடி, தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. எங்கள் ஊர் வரலாற்றில் வேறு எதிலும் நாங்கள் மூன்றாவதாகக்கூட வந்ததில்லை. ஆகவே கார் அப்படியே இருக்கிறது. டயர் ரப்பர் தெறித்த புள்ளிகள், விளக்கின் மேல் ஒட்டிய நாடா, கண்ணாடியில் நசுங்கிய ஈக்கள், புகை, எண்ணெய் எல்லாம் அன்று பூசியது பூசியபடி. நெடும்பந்தயக்காரர்களின் வழக்கம் அது. கடைசி வரை ஓடிய வண்டியைக் கழுவ மாட்டார்கள். அழுக்குதான் பதக்கம். எங்கள் ஊரில் பைபிளின் மேல் தேநீர் கொட்டியவரை மன்னித்திருக்கிறோம். அறுபத்தொன்றின் மேல் ஒரு தடவை தும்மிய பள்ளிக்கூடத்து ஆசிரியை இன்னும் தலைகுனிந்துதான் நடக்கிறார்.

நாற்பதாம் ஆண்டு வந்தது. கார்கள் விற்கவில்லை. நிர்வாகம் லண்டனிலிருந்து பியர்ஸ் லாங்லி என்பவரைப் பாரம்பரியத் துறைத் தலைவராகக் கொண்டுவந்தது. அதற்கு முன் அவர் ஒரு பிஸ்கட் நிறுவனத்தில் அதே பதவியில் இருந்தவர். பிஸ்கட்டுக்கும் பாரம்பரியம் உண்டு. வந்த முதல் வாரமே எங்களை முன்கூடத்தில் கூட்டிப் பேசினார்.

"நாம கார் விக்கல, நண்பர்களே. ஞாபகத்த விக்கறோம்."

"கார் வித்தப்பவே சம்பளம் லேட்டு," என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் கொண்டுவந்த திட்டம் 'தோர்ன்பி அறுபத்தொன்று, நினைவுப் பதிப்பு'. மொத்தம் இருபத்திநான்கு கார்கள், பந்தயத்தின் மணிக்கு ஒன்றாக. டாஷ்போர்டின் சிறு அறைக்குள் ஒரு குப்பி. திறந்தால் பெட்ரோலும் டயரும் கருகிய பிரேக்கும் கலந்த விடியற்கால வாசனை வரும். ஆசனத்தில் பழைய ஓட்டுநரின் முதுகு வடிவத்தில் ஒரு பள்ளம். எல்லாவற்றுக்கும் மேலாக, அசல் காரில் உள்ள அழுக்கு முழுவதும் ஈ ஈயாக, புள்ளி புள்ளியாகக் கையால் வரையப்பட்டு, மேலே பளபளப்புப் பூச்சு போட்டு மூடப்படும். கழுவினாலும் போகாத அழுக்கு, பத்தாண்டு உத்தரவாதத்துடன். விளம்பரக் கையேட்டில் இதைப் படித்த சிலர், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண் கலங்கிவிட்டார்களாம். இருபத்திநான்கும் வரைபடமாக இருக்கும்போதே விற்றுப்போயின.

வரைய யார்? பிரிவிலேயே நடுங்காத கை மாவிஸுடையது. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. முப்பத்தொன்பது வருடம் ஈயின் காலைத் தேடிக் கண்டுபிடித்து அழித்தவரிடம் ஒரு மெல்லிய தூரிகையைக் கொடுத்து ஈயின் காலை வரையச் சொன்னார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எத்தன கால் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

நன்றாகவே வரைந்தார். நார்மன் அசலின் பெரிய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"மாவிஸ், இந்த ஈக்கு ஒரு றெக்க குறையுது."

"மணிக்கு நூத்தி எண்பது மைல்ல வந்த கார்ல மோதின ஈ, நார்மன். றெக்க இருந்தாதான் நீ சந்தேகப்படணும்."

"அசல்ல ரெண்டு இருக்கே."

"அசல் பிரெஞ்சு ஈ. சாப்பாடு நல்லா இருந்திருக்கும். கொஞ்சம் கெட்டி."

ஒரு றெக்கை சேர்த்துக் கொடுத்தார். முதல் கார் மூன்று வாரத்தில் முடிந்தது. அதாவது, ஓர் இடம் தவிர.

இடது முன் மட்கார்டில், விளக்குக்குப் பக்கத்திலிருந்து கதவுவரை இழுத்துவிட்ட மாதிரி ஒரு பழுப்புக் கறை அசல் காரில் உண்டு. தொடங்கும் இடத்தில் அகலம், போகப் போக மெலிந்து காற்றில் சிதறிய கோடுகள். கையேடு அதை 'விடியலில் வெடித்த எண்ணெய்க் குழாயின் வீரத் தழும்பு' என்று வர்ணித்தது. மாவிஸ் வரைந்த காரில் அந்த இடம் மட்டும் குழந்தை முகம் மாதிரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நார்மன் அதைப் பார்த்தார். தாளில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் தொழிற்சாலையில் சுத்தமாக இருப்பது குறைபாடாகிவிட்ட முதல் கார் அது. அந்தக் குறைபாட்டை ஆய்வாளர் பார்க்காத மாதிரி விட்டதும் முதல் தடவை.

அந்தக் கறை என்ன என்பது பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிளிஃப் டிம்மின்ஸ் சக்கரம் மாட்டுபவர். பந்தயத்தில் வண்டிகள் பெட்ரோல் போடவும் சக்கரம் மாற்றவும் வந்து நிற்கும் ஓரப் பாதைக்கு பிட் என்று பெயர். அதில் நான்கு பேர் காத்திருப்பார்கள். அவர்களில் கிளிஃப் ஒருவர். கல்யாணமாகி ஒரு கிறிஸ்துமஸ்தான் ஆகியிருந்தது. விடியற்காலை, பனி மூட்டம். சற்றுமுன் வந்துபோன வண்டியிலிருந்து கழற்றிய டயர் ஒன்று உருண்டு பாதைக்குப் போய்விட்டது. அதை எடுக்க கிளிஃப் குனிந்தபோது அறுபத்தொன்று உள்ளே வந்தது. பிரேக் ஓய்ந்து போயிருந்தது. பிரேக் ஓய்கிறது என்று ஓட்டுநர் இரண்டு சுற்று முன்பே சைகை காட்டியிருந்தார். இன்னும் ஒரு சுற்று போ என்று தோர்ன்பியின் அணித் தலைவர் பலகை காட்டியிருந்தார். நார்மன் அப்போது பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற இருபது வயது ஆள்.

வண்டி நின்றது. மீதமிருந்த மூன்று பேர் சக்கரத்தை மாற்றினார்கள். வண்டி போயிற்று. பந்தயத்தில் நிற்கிற ஒவ்வொரு கணமும் தோல்வி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பாடத்தை மூன்று பேரும் அழுதுகொண்டே கடைப்பிடித்தார்கள்.

'ஓர் ஊழியருக்கு உடல்நலம் குன்றியது' என்று தோர்ன்பி அறிவித்தது. குன்றியதுதான், அதற்குமேல் குன்ற முடியாத அளவுக்கு. திங்கட்கிழமை கார் கொடி கட்டிய லாரியில் ஊருக்குள் வந்தது. கிளிஃப் வேறு வண்டியில், கொடி இல்லாமல், பின்வாசல் வழியாக வந்தார். வாசலில் நின்ற பெரியவர் தோர்ன்பி, நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், தொப்பியைக் கழற்றி ஆணையிட்டார்: "யாரும் கழுவக் கூடாது. வந்தது வந்தபடி இருக்கட்டும்." அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினோம். தட்டியவர்கள் இடது மட்கார்டைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் காலணியைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மாவிஸ் நின்றுகொண்டிருந்தார். மட்கார்டைப் பார்த்த பிறகு காலணியைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான்.

நிறுவனம் தாராளமாக நடந்துகொண்டது. மாவிஸுக்குப் பெயிண்ட் பிரிவில் வேலை கொடுத்தது. கூடவே ஒரு சுவர்க் கடிகாரமும். ஓட்டுநர் ரோலண்ட் ஃபெரர்ஸ் அதோடு பந்தயத்தை விட்டார், ஊர்ப்பக்கம் வரவேயில்லை. ஒவ்வொரு ஜூனிலும் தேவாலயத்து மயானத்தில் கிளிஃபின் கல்லருகே வெள்ளைப் பூக்கள் வந்திறங்கும். பெயர் இருக்காது. யார் அனுப்பியது என்று மாவிஸ் பூக்காரரைக் கேட்டதில்லை. பூக்காரரும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் பேசிக்கொள்ளப்படும்.

ஊழியர்களுக்குப் பக்கவாசல். மாவிஸ் மட்டும் முன்கூடம் வழியாக வருவார். தடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. கயிற்றருகே ஒரு நிமிடம் நிற்பார். "காலை வணக்கம், கிளிஃப்." மழை என்றால் மழை என்று சொல்வார். கழுவக் கூடாது என்ற ஆணை இருக்கும்வரை கிளிஃப் அங்கே இருப்பார் என்பது ஏற்பாடு. மயானத்தில் இருந்தது நன்றாகத் துடைத்து, சட்டை மாற்றி, தலைவாரி அனுப்பப்பட்டவர். மட்கார்டில் இருந்தது வேலையில் இருந்தவர்.

பியர்ஸ் லாங்லிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பிஸ்கட்டிலிருந்து வந்தவர். அவர் பெயிண்ட் பிரிவுக்கு வந்தபோது நார்மனும் அங்கே இருந்தார்.

"மிஸஸ் டிம்மின்ஸ், அற்புதம்! நேத்து ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியில இருந்த ஈய கைக்குட்டையால விரட்டப் பாத்தார்!"

"நன்றி, கண்ணு."

"ஒரே ஒரு சின்ன விஷயம். இடது மட்கார்டுல அந்த எண்ணெய்க் கறை விட்டுப் போச்சு."

"விட்டுப் போகல. அத வரைய வேண்டாம்னு பாக்கறேன்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் 'வேண்டாம்னு பாக்கறேன்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளும் போட்டதற்குச் சமம். இந்தச் சொல்லில் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. ஒரு தடவை ரயில் பாதையே ஊரைச் சுற்றிப் போனது. பியர்ஸ் லண்டன்காரர். பேரம் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"கஷ்டமா இருக்கா? பெரிய தூரிகை வேணும்னா வரவழைக்கறேன்."

நார்மன் இருமினார்.

"அது எண்ணெய் இல்ல, கண்ணு."

"சரி. கிரீஸ்."

"கிளிஃப்."

"கிளிஃப்... அது எந்தக் கம்பெனி?"

"என் வீட்டுக்காரர்," என்றார் மாவிஸ்.

நார்மன் மீதியைச் சொன்னார். குறைவாகத்தான் சொன்னார். பியர்ஸ் மார்பில் கை வைத்துக்கொண்டார். நல்ல மனிதர், அதை மறுக்க முடியாது. முகம் வெளுத்துப்போய் அப்படியே நின்றார். பிறகு மெல்ல மெல்ல அந்த முகத்தில் ரத்தம் ஏறியது. ஒரு யோசனையும் ஏறியது.

"எனக்கு வார்த்தையே இல்ல, மிஸஸ் டிம்மின்ஸ்," என்றார். உடனே கிடைத்துவிட்டது. "எங்க ரத்தம், எங்க வேர்வைன்னு ஒவ்வொரு கம்பெனிக்காரனும் சும்மா போட்டுக்கறான். நம்மகிட்ட நிஜமாவே இருக்கு! உங்க கல்யாண போட்டோ ஒண்ணு கிடைக்குமா? கையேட்டுல, ரொம்ப மரியாதையா, கறுப்பு வெள்ளையில..."

"வேண்டாம்னு பாக்கறேன்."

"அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"மிஸ்டர் லாங்லி," என்றார் நார்மன், "அவங்க சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?" என்றார் பியர்ஸ்.

விஷயம் சட்டப் பிரிவுக்குப் போயிற்று. அவர்கள் ஒருநாள் முழுக்க யோசித்து வழி சொன்னார்கள். ரத்தம் என்று எழுதினால் யாருடையது என்று கேள்வி வரும். எண்ணெய் என்று நாற்பது வருடமாக எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறபடியால் அது எண்ணெய். ஊழியருக்கு மனக்கஷ்டம் இருப்பதால் அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கறையை இயந்திரத்தில் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். மனிதாபிமானத்தோடு எடுத்த முடிவு என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். பெரிய கேமராவைக் கொண்டுவந்து இடது மட்கார்டை ஒரு மயிரிழை விடாமல் படம் பிடித்தார்கள். அந்த வாரமே சுருள் சுருளாக ஸ்டிக்கர் வந்திறங்கியது.

கேன்டீனில் மாவிஸும் நார்மனும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு ஹாங்காங் போகுது," என்றார் நார்மன். "ஒண்ணு துபாய். மூணு டெக்சாஸ்."

"அந்த மனுஷன் பாஸ்போர்ட் எடுத்ததே அந்த ஒரு பயணத்துக்குத்தான். போட்டோ நல்லா இல்லன்னு திரும்ப எடுக்கப் போனான். இப்ப பாரு, உலகம் சுத்தப் போறான்."

"அது வெறும் ஸ்டிக்கர், மாவிஸ்."

"ஆமா. ஆனா எவனோ ஒருத்தன் கொட்டகையில நிறுத்தி, விருந்தாளியக் கூப்பிட்டு, விஸ்கியக் கையில வெச்சுக்கிட்டு, பாரு எண்ணெயின்னு தடவிக் காட்டுவான். தடவறது யாரன்னு அவனுக்குத் தெரியாது."

"என்ன பண்றது? அசல் இங்கதான இருக்கு. அத யாரும் தொட முடியாது."

மாவிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுதான் நானும் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன். பாத்துக்கறாங்கன்னு. இவங்க பாத்துக்கல, நார்மன். சரக்கா வெச்சிருக்காங்க. அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆனா போயிட்டா, காலையில நான் யாருக்கு வணக்கம் சொல்றது?"

அந்த வாரம் கேன்டீனில் மேஜை மேஜையாக உப்பு ஜாடிகள் காலியாயின. எலிகள் மேல் சந்தேகம் விழுந்தது.

வெளியீட்டு விழா ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. முன்கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், கோப்பைகள், மீன் முட்டை வைத்த சிறு பிஸ்கட்டுகள். அவை பியர்ஸின் பழைய நிறுவனத்துடையவை. வாங்குபவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேடையில் அசல் அறுபத்தொன்று, பக்கத்தில் நினைவுப் பதிப்பின் முதல் கார். எது அசல் என்று தெரியாமல் இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாக வராத ரோலண்ட் ஃபெரர்ஸை எப்படியோ வரவழைத்துவிட்டார்கள். எண்பது வயது, சக்கர நாற்காலி, மடியில் கம்பளி. எண்ணெய்க் குழாய் வெடித்த வீர விடியலைப் பற்றிப் பியர்ஸ் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாவிஸ் உள்ளே வந்தார். துவைத்துத் தேய்த்த வெள்ளை அங்கி, தலையுறை, ஒரு கையில் வாளி, மறு கையில் பஞ்சு.

இந்த இடத்தில் ஒரு கூச்சல், ஓர் ஓட்டம், ஒரு தள்ளுமுள்ளு வந்திருக்க வேண்டும் என்று வெளியூரார் எதிர்பார்ப்பார்கள். நடந்தது இதுதான். பியர்ஸ் இதை விளம்பரப் பிரிவு ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்தார். விளம்பரப் பிரிவு பியர்ஸின் ஏற்பாடு என்று நினைத்தது. காவலர், அங்கி வெள்ளையாக இருப்பதால் மேலிடத்து உத்தரவு என்று நினைத்தார். விருந்தினர்கள், தொழிலாளியின் கை காரைத் தொடும் அடையாளச் சடங்கு இது என்று தங்களுக்குள் விளக்கிக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் ஒருவர் நம்பிக்கையோடு வாளி தூக்கி வந்தால் ஏன் என்று கேட்பது நாகரிகமில்லை. கயிற்றை நார்மன் அவிழ்த்துப் பிடித்தார்.

மாவிஸ் மேடையேறி இடது மட்கார்டின் முன் மண்டியிட்டார். பஞ்சை நனைத்தார். தேய்க்கவில்லை. ஒற்றினார், கொஞ்சம் பொறுத்தார், பிழிந்தார், மறுபடி ஒற்றினார். காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவார்களே, அப்படி. நாற்பது வருடத்துப் பழுப்பு மெல்ல மெல்ல ஊறி, வாளிக்குள் இறங்கும்போது ஒரு கணம் அதன் பழைய நிறத்தைக் காட்டிற்று. கைதட்டல் எழுந்தது. கேமராக்கள் பளிச்சிட்டன.

"பச்சத் தண்ணியா?" என்று ஒருவர் மனைவியிடம் கிசுகிசுத்தார். "எண்ணெய்க்குச் சுடுதண்ணிதான வேணும்?"

அந்த அம்மாள் வாளி விளிம்பில் படிந்திருந்த உப்பைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். குடும்பம் நடத்திய பெண். உப்பும் பச்சைத் தண்ணீரும் ரத்தக் கறைக்கு என்று அவருக்குத் தெரியும்.

கறை போகப் போகத்தான் பியர்ஸுக்கு விளங்கியது. ஏதோ சொல்லிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். சக்கர நாற்காலி குறுக்கே வந்து நின்றது. அதை உருட்டியது ஃபெரர்ஸ்தான். மேடை விளிம்பில் நிறுத்தி, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கீழயும் கொஞ்சம் இருக்கு," என்றார். "சக்கர வளைவுக்கு உள்ளாற."

மாவிஸ் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒருவரோடொருவர் பேசிய முதல் பேச்சு அது.

"இருக்கா? நன்றி, கண்ணு." பஞ்சை உள்ளே விட்டுத் துடைத்தார். "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"பூ நல்லா இருக்கும். எல்லா வருஷமும்."

ஃபெரர்ஸ் மடியிலிருந்த கம்பளியை முகத்துக்கு எடுத்துக்கொண்டார். மாவிஸ் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, டார்ச்சை எடுத்து மட்கார்டை ஒரு முறை சாய்த்துப் பார்த்தார். "குப்பை" என்ற சொல் வரவில்லை. பிறகு வாளி சிந்தாமல் நடந்து வெளியே போனார். நாங்கள் வழி விட்டோம். தெருவில், தபால் நிலையத்தைத் தாண்டி, தேவாலயத்து வாசல்வரை போய், கிளிஃபின் கல்லருகே வாளியைக் கவிழ்த்தார். அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. நார்மன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

அன்று பிற்பகலே மாவிஸ் வேலை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வு விருந்தும் இன்னொரு கடிகாரமும் தப்பின. வழக்குப் போட நிறுவனம் விரும்பியது. ஆனால் விலைமதிப்பற்ற பொருளை நாசம் செய்தவரைப் பார்த்து இயக்குநர்கள் அனைவரும் புன்னகையோடு கை தட்டும் படம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. சட்டப் பிரிவு ஒருநாள் முழுக்க யோசித்து, அது கழுவல் இல்லை, 'பராமரிப்பு' என்று முடிவு சொன்னது. கார் வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அசலிலேயே இல்லாத கறை தங்கள் காரில் இருப்பது அவர்களுக்கு மெத்த மகிழ்ச்சி.

மாவிஸ் சில நாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து நின்றிருக்கிறார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறகு உள்ளே போய்விடுவார். அந்த வாரங்களில் அவரைப் பார்க்கப் போனவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம்.

இலையுதிர் காலத்தில் நார்மன் ஒரு செய்தியோடு போனார். மேஜையில் தேநீர் வைத்துவிட்டு மாவிஸ் உட்கார்ந்தார்.

"அசலுக்குத் திரும்பவும் கறை போட்டுட்டாங்க."

"எப்படி?"

"ஸ்டிக்கர் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அத எடுத்து ஒட்டிட்டாங்க. பக்கத்துல பலகை வெச்சிருக்காங்க, வந்தது வந்தபடின்னு."

மாவிஸ் சர்க்கரையைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நேரா ஒட்டியிருக்கானா?"

"ஒரு மூலையில காத்துக் குமிழ் இருக்கு. பட்டாணி அளவு."

"நீ என்ன பண்ண?"

"கையெழுத்துப் போட்டேன்."

"நல்லது," என்றார் மாவிஸ். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நார்மன் நினைத்தார். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

கிளிஃபின் கல்லருகே வாளி கவிழ்ந்த இடத்தில் புல் கருகிப்போனது. உப்புத் தண்ணீர் விட்டால் எந்தப் புல்லும் கருகத்தான் செய்யும். வசந்தத்தில் மயானம் முழுக்கப் பச்சையானபோது அந்த இடம் மட்டும் பழுப்பாகவே கிடந்தது. தேவாலயத்தைப் பராமரிப்பவர் மாவிஸைப் பார்க்கப் போனார். பார்க்க நன்றாக இல்லை, மேல்மண்ணை எடுத்துவிட்டுப் புதிய புல்தரை போட்டுவிடலாமா, செலவில்லாமல் செய்து தருகிறோம் என்று தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"வேண்டாம்னு பாக்கறேன், கண்ணு," என்றார் மாவிஸ்.

வந்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.